புளியங்கூடலுக்கு நான் கொண்டுவராத தண்ணீர்த் தாங்கி

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கொப்பியில் எழுதிவைத்துக் கேட்டு, பதிலையும் எழுதிக்கொண்டால்தான் நித்திரை வரும். மகள் பிறந்த அன்று நான் கேட்ட கேள்விகளைத் தாங்கமாட்டாமல் தாதி ஒருவர், "நீங்கள் பிள்ளைப்பெற வந்தனீங்களோ, எங்களைப் பரிசோதிக்க வந்தனீங்களோ?" என்றே கேட்டுவிட்டார். (ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் ஐந்து நிமிடம் இருந்தது. சும்மா கிடப்பானேன்?) இந்தக் குணத்தை நான் 'பொறுப்பு' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், புளியங்கூடலுக்குப் போய் வரும்வரை.

அந்த நாட்களில் எங்கள் குடும்பம் இரண்டு துண்டாகக் கிடந்தது. இவர், என் கணவர், கணித ஆசிரியர். தீவுப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போய் ஒன்றரை வருடம். நானும் மூன்று வயது மகள் ஆதிராவும் வெள்ளவத்தையில் அம்மாவுடன், மூன்றாம் மாடியில். ஆதிரா ஒவ்வொரு பின்னேரமும் கைத்தொலைபேசிக்கு முத்தம் கொடுப்பாள். லீவில் இவர் நேரில் வந்தாலோ குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். கடைசியாக வந்தபோது எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்: "அம்மா, இந்த அப்பா எப்ப போவார்? நான் போன் அப்பாவோட கதைக்கவேணும்."

எல்லோரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். பிறகு பல்கனிக்குப் போய், எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த உடுப்புகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கிழமையில் இவரிடமிருந்து அழைப்பு வந்தது. புளியங்கூடலில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது, வீட்டுக்காரர் கனடாவில், வேறொரு குடும்பமும் கேட்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும்.

"வீடு எப்பிடி?" என்றேன்.

"பரவாயில்லை."

"ஊர்?"

"பரவாயில்லை."

(இவருக்கு எல்லாமே பரவாயில்லை. நான் உப்புப் போட மறந்த குழம்பும் பரவாயில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் தன் தலை வெட்டுப்பட்டுப் போனதும் பரவாயில்லை.) இப்படிப்பட்டவரின் சாட்சியத்தை நம்பி ஒரு குழந்தையைத் தீவுக்குக் கொண்டுபோக முடியுமா? நானே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். வியாழன் இரவு பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாமியிடம் ஆதிராவை விட்டுவிட்டு, வெள்ளி முழுநாளும் விசாரணை.

"நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருங்கோ," என்று இவருக்கு உத்தரவு போட்டேன். "சேரின்ர மனிசி எண்டு தெரிஞ்சா சனம் மரியாதைக்கு எல்லாம் நல்லதெண்டுதான் சொல்லும். எனக்கு உண்மை வேணும்."

"ரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சு வாறன். அதுக்கிடையில ஊரைக் குழப்பிப்போடாதையும்."

நான் போன கோலத்தையும் சொல்லிவிடவேண்டும். மரியாதையாகத் தெரியட்டும் என்று கஞ்சி போட்ட பருத்திச் சேலை. தட்டைச் செருப்பு. குடை. கழுத்தில் நாடாவில் தொங்கும் பேனை. சிவப்பு மையால் நிரல்கள் கீறிய நீளக் கொப்பி. அதில் முப்பத்தெட்டுக் கேள்விகள். தோளில், தம்பிக்கு ஏதோ தொண்டு நிறுவனத்தின் பயிற்சிப்பட்டறையில் இலவசமாகக் கிடைத்த பை. அதன் மேல் இரண்டு கைகள் ஒரு நீர்த்துளியை ஏந்தி நிற்கும் படம். கடலுக்கு நடுவே போட்ட வீதியில் பஸ் போகும்போது, 'பிள்ளை யன்னலால் எட்டிப்பார்த்தால்?' என்று முப்பத்தொன்பதாவது கேள்வியையும் சேர்த்தேன்.

வடபகுதியில் வாழ்ந்த எவரும் இந்தக் கோலத்தைப் பார்த்தவுடன் நான் யாரென்று முடிவுகட்டிவிடுவார்கள். நீங்களும் கட்டியிருப்பீர்கள். எனக்குத்தான் மூன்று மணித்தியாலம் பிடித்தது.

வாடகை வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டினேன். உள்ளே தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி விளக்குமாறும் கையுமாக வந்தார். மகேஸ் அக்கா.

"ஆரைத் தேடுறியள்?"

"கொழும்பில இருந்து வாறன் அக்கா. சும்மா கொஞ்சம் விபரம் எடுக்க வந்தனான்."

அவருடைய பார்வை என் முகத்திலிருந்து கொப்பிக்கு இறங்கி, கொப்பியிலிருந்து பைக்கு வந்து, அந்த நீர்த்துளியில் நின்றது. வாய்நிறைய வந்துகொண்டிருந்த சிரிப்பு பாதியில் திரும்பிப்போனது. உள்ளே போய்த் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டார்.

"இருங்கோ மிஸ்."

(ஆகா, என்ன மரியாதையான ஊர் என்று நினைத்தேன்.)

"கிணத்துத் தண்ணி எப்பிடி அக்கா?"

அவர் விட்ட பெருமூச்சில் வேப்பம்பூ உதிர்ந்தது. "உதை ஏன் மிஸ் கேக்கிறியள்? கடல் தண்ணியும் எங்கட கிணத்துத் தண்ணியும் அக்கா தங்கச்சி."

"சின்னப் பிள்ளையளைக் குளிப்பாட்டலாமோ?"

"குளிப்பாட்டலாம். பேந்து துடைக்கத் தேவையில்லை. காயவிட்டா உப்பைத் தட்டி எடுக்கலாம்."

எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

"பாம்பு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் யோசித்தார். "பாம்புக்கும் ஏதும் தருவினமோ மிஸ்?"

விஷத்துக்கு மருந்து கொடுப்பார்களா என்று கேட்கிறார் போலும், பாவம், எத்தனை பேரைக் கடித்திருக்கிறதோ! "அது எனக்குத் தெரியாது அக்கா," என்றேன்.

"அப்ப பாம்பும் இருக்கெண்டு போட்டுக்கொள்ளுங்கோ. எதுக்கும் கிடக்கட்டும்."

குசினிக்குள் போய்த் தேநீர் கொண்டுவந்தார். அக்கா தங்கச்சித் தண்ணீரில் போட்ட தேநீரை எப்படிக் குடிப்பது? அவர் திரும்பிய நேரம் பார்த்து, பக்கத்திலிருந்த குரோட்டன் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் செல்லத்துரை அண்ணையின் வீடு. நான் படலையைத் தொடுமுன்பே அவர் கதிரையோடு தயாராக நின்றார். (வேலிக்கு மேலால் செய்தி என்னை முந்திவிட்டிருந்தது.) கூரை ஒழுகுமா என்று கேட்டேன்.

"மழைக்கு நாங்கள் வீட்டுக்க குடை பிடிச்சுக்கொண்டுதான் மிஸ் சாப்பிடுறது."

கூரையை அண்ணாந்து பார்த்தேன். புது ஓடுகள் செக்கச்செவேலென்று மினுங்கின. பார்த்தேன், பார்த்துவிட்டு, 'புது ஓடும் ஒழுகும்' என்று எழுதினேன்.

"பிள்ளைக்கு ராவில காய்ச்சல் வந்தா?"

"கடவுள்தான்."

"ஊர்காவற்றுறையில ஆஸ்பத்திரி இருக்கெண்டு..."

"இருக்கு, இருக்கு. நாங்கள் போய்ச் சேரவேணுமே," என்று அவர் வானத்தைப் பார்த்தார்.

மூன்றாவது வீட்டில், இடுப்பில் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெண், நான் வாய் திறக்குமுன்பே அடையாள அட்டையின் பிரதியை நீட்டினார். நான்காவது வீட்டிலும் பிரதி. ஐந்தாவது வீட்டில் பிரதியோடு குடும்ப அட்டையும். அந்தப் பக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறேன்: 'மக்கள் வீட்டுக்குள்ளும் அடையாள அட்டையுடனேயே இருக்கிறார்கள். ஏதோ பயம்! காரணம் விசாரிக்க.'

பன்னிரண்டரை மணிக்கு வாடகை வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். கொப்பியில் பதினொரு பக்கம் நிறைந்திருந்தது. உப்பு, பாம்பு, ஒழுகல், கடவுள். ஆதிராவை அந்தப் பதினொரு பக்கத்துக்குள் வைத்துப் பார்த்தேன். இவருக்கு அழைப்பு எடுக்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

"என்னால ஏலாதப்பா. எங்கட பிள்ளை இஞ்ச உயிரோட இராது. வீட்டுக்காரருக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

மறுபக்கம் பள்ளிக்கூட மணி கேட்டது.

"சரி," என்றார். அவ்வளவுதான். 'பரவாயில்லை' என்றுகூடச் சொல்லவில்லை.

நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், படலையில் ஏழெட்டுப் பேர். ஒரு மணிக்குப் பதினைந்து பேர். மகேஸ் அக்கா அவர்களை ஒழுங்குபடுத்தி வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். நான் அழுததைப் பார்த்து, "பாருங்கோ, எங்கட கஷ்டத்தைக் கேட்டு மிஸ் அழுறா. இப்பிடி ஒரு ஆளும் வந்ததில்லை," என்று உருகினார்.

"ஆயிரம் லீற்றரோ, ஐநூறோ மிஸ்?" என்றார் செல்லத்துரை அண்ணை.

எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறாராக்கும். "மூண்டு பேர்தானே, ஐநூறே கூட," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வரிசை கொந்தளித்தது. "மூண்டு பேர் எண்டு ஆர் சொன்னது? எங்கட வீட்டில ஆறு பேர்!" "அப்ப எங்களுக்கு ஆயிரம் போடுங்கோ மிஸ்!" "உவ மகேஸ் முன்னுக்கு நிண்டு தனக்கு முதல் பதிஞ்சுபோட்டா!"

இந்த நேரத்தில்தான், இரண்டு மணி ஆகுமுன்பே, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இவர் இறங்கி, சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். செல்லத்துரை அண்ணை கையை நீட்டி மறித்தார்.

"சேர், வரிசையில வாங்கோ. வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கும் தாங்கி குடுக்கினமோ தெரியாது. எதுக்கும் பதிஞ்சு பாருங்கோ."

"என்ன தாங்கி?"

"தண்ணித் தாங்கி. கொழும்பில இருந்து நிறுவனத்து மிஸ் வந்து பதியிறா."

இவர் என்னைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கணித ஆசிரியர் அல்லவா, கூட்டிப் பார்க்க இரண்டு வினாடிதான் எடுத்தது.

"அண்ணை," என்றார் மெதுவாக, "இவ என்ர மனிசி. வீடு பாக்க வந்தவ."

வரிசையில் நின்ற பெண்ணின் இடுப்பிலிருந்த ஆட்டுக்குட்டி ஒரு தரம் கத்தியது.

"மனிசியோ?" என்றார் மகேஸ் அக்கா. "அப்ப தாங்கி?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். பிளக்கவில்லை. முதலில் வெடித்தது செல்லத்துரை அண்ணையின் சிரிப்பு. பிறகு வரிசை முழுவதும். மகேஸ் அக்கா மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பிள்ளை, முதலே சொல்லியிருக்கக் கூடாதோ நீர்? நான் அரை மணித்தியாலம் எவ்வளவு கஷ்டப்பட்டு அழுதனான்!"

(காலையிலிருந்து 'நீங்கள்' ஆக இருந்த நான் அந்தக் கணத்தில் 'நீர்' ஆனேன். பின்னேரத்துக்குள் 'நீ' ஆகிவிட்டேன்.)

"அப்ப தண்ணி உப்பில்லையோ அக்கா?"

"உப்போ? தேன்! நாலு ஒழுங்கைச் சனம் இஞ்சதான் வந்து அள்ளுறது."

இங்கேதான் என் குணம் மறுபடி தலைதூக்கியது. காலையில் தாங்கிக்காகச் சொன்னது பொய் என்றால், இப்போது பக்கத்து வீட்டுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்வது உண்மையா? நான் கிணற்றடிக்குப் போய், வாளியை விட்டு அள்ளி, கையில் ஏந்திக் குடித்தேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் சவர். கடலுமில்லை, தேனுமில்லை.

"பரவாயில்லை," என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு இவர் திடுக்கிட்டார்.

"பாம்பு?" என்றேன் மகேஸ் அக்காவிடம்.

"அது மெய்தான்," என்றார் அவர். "ஆனா மரியாதையான பாம்புகள்."

திரும்பி வரும்போது படலையடியில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கவனித்தேன். முன்பக்கம், எண்ணெய்த் தாங்கிக்கு மேல், சின்னதாக ஒரு இருக்கை பூட்டியிருந்தது. பிடிப்பதற்குச் சிவப்பு இறப்பர் போட்ட கைப்பிடியும்.

"இது எப்ப பூட்டினது?"

"போன மாசம்," என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "சும்மா. மலிவா வந்தது."

வெறும் இருக்கையோடு ஒரு மாதமாக ஓடித் திரிந்திருக்கிறார். முப்பத்தொன்பது கேள்விகளில் இதைப்பற்றி ஒன்றுகூட இல்லை.

"வீட்டுக்காரருக்கு... சொல்லிப்போட்டீங்களோ?"

"இல்லை. நீர் எடுக்கேக்க கனடாவில விடியப்புறம் மூண்டு மணி. நித்திரையில கிடக்கிற மனிசனை எழுப்பி வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரேல்லை."

பின்னேரம் அழைப்பெடுத்து, வேண்டும் என்றோம்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம். மகேஸ் அக்காவின் குரோட்டன் செடி அந்தக் கிழமையே பட்டுப்போனது. அதற்கும் என் தேநீருக்கும் தொடர்பில்லை என்று நான் இன்றுவரை சாதித்துவருகிறேன். ஆதிரா சிவப்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போய் வந்து, இப்போது அந்த இருக்கையில் கால் கொள்ளாத அளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஊரில் எனக்குச் சொந்தப் பெயர் கிடையாது. கடைக்காரர் முதல் பஸ் நடத்துநர் வரை எல்லோருக்கும் நான் 'தாங்கி மிஸ்'. கல்யாண வீட்டுப் பந்தியிலும், கோயில் வீதியிலும், "பிள்ளை, தாங்கி எப்ப வரும்?" என்று செல்லத்துரை அண்ணை கேட்காத நாளில்லை.

போன மாதம் உண்மையாகவே ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் படிவம், கழுத்தில் அலுவலக அட்டை. அட்டையை இரண்டு தரம் வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டு, கதிரை போட்டேன்.

"கிணத்துத் தண்ணி எப்பிடி அக்கா?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டமிடவில்லை. முகம் தானாகத் தொங்கியது. பெருமூச்சு தானாக வந்தது.

"உதை ஏன் தங்கச்சி கேக்கிறீர்? கடல் தண்ணியும் எங்கட கிணத்துத் தண்ணியும் அக்கா தங்கச்சி."

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஆதிரா தலையை நிமிர்த்தினாள். "அம்மா, நேற்று அம்மம்மாவுக்கு போனில தேன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அந்தப் பெண் பேனையை நிறுத்தி, என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, நான் எதைப் போட?"

நான் வாயைத் திறக்குமுன் வேலிக்கு அப்பாலிருந்து மகேஸ் அக்காவின் குரல் வந்தது.

"எதையெண்டாலும் போடும் தங்கச்சி. பாம்பையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும்!"