சங்குக்குள் இருக்கிறவர்

கண்ணாடித் தொட்டியில் நண்டைக் காணவில்லை. மணலும் தண்ணீர்க் கிண்ணமும் மட்டும்தான் இருந்தன. சீனி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார்.

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் அவர் ஸ்டோர்கீப்பர். சங்கைச் சுமந்துகொண்டு கரையில் திரிகிற ஜாதி நண்டு அது. முதலாளி மகளின் செல்லம். ஊருக்குப் போகும்போது முதலாளியம்மா கல்யாணசுந்தரி, இத்தனை பேர் இருக்க, அதைச் சீனி கையில்தான் கொடுத்தார். சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்த நேரம். சீனிக்குப் பெருமை தாங்கவில்லை. முன்பு ஆபீஸ் மீன்தொட்டியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். செத்துப்போன மீன்களுக்கு ஆயுசே அவ்வளவுதான் என்பது அவர் எண்ணம்.

தீக்குச்சிக்கு ஈரம் ஆகாது. ஈரத்தை விரட்டியே பழகியவர், நண்டையும் குச்சி காயும் அறையில் வைத்திருந்தார்.

"காயவா போட்டீங்க?" என்றான் லாரி டிரைவர் வேணுகோபால். அவன் மாமியார் வீடு தூத்துக்குடி. "காத்துல ஈரம் இருந்தாத்தான் அதுக்கு மூச்சே ஓடும் அண்ணாச்சி."

சீனி பதறிப்போய்த் தண்ணீர் தெளித்து, கரண்டியால் மணலைக் கிளறினார். கொடுக்கும் காலுமாக ஒரு வெறுங்கூடு வந்தது.

"செத்துட்டுலே. என் வேலையும் போச்சு."

வேணு தூத்துக்குடியிலிருந்து அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான். சீனி ஈரத்துணி போர்த்திக் காத்தார். சில வாரம் கழித்து, பழைய நண்டு பெருத்துப்போய் மணலுக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"என்னலே இது?"

"சட்டை உரிச்சிருக்கு அண்ணாச்சி. அன்னைக்குக் கிடைச்ச கூடு அதுதான்," என்றான் வேணு. " அதுவரைக்கும் மண்ணுக்குள்ளதான் கிடக்கும்."

பெருத்த உடம்புக்குப் பழைய சங்கு பற்றவில்லை. புதுசின் சங்கைப் பிடுங்கப் பார்த்தது. சண்டையை விலக்க, மனைவி பாலம்மாள் திருச்செந்தூரில் ஆசையாக வாங்கிய பெரிய சங்கைச் சீனி கொண்டுவந்து வைத்தார். பழையது உடனே குடியேறியது.

"எஞ் சங்கு எங்க?" என்றாள் பாலம்மாள்.

"ஆள் குடியிருக்கு."

அன்றைக்குச் சீனிக்கு வீட்டில் சோறு இல்லை.

முதலாளி குடும்பம் திரும்பியது. மகள் இரண்டையும் வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். சீனி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உசிரைக் கொடுத்துப் பாத்தேம்மா. ஒண்ணு ரெண்டாயிருக்கு. அந்த சூப்பர்வைசர் வேலை..."

கல்யாணசுந்தரி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"ராவெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டி எங்களைத் தூங்கவிடாத சனியன் அது, மீன்தொட்டியை ஒரே வாரத்துல முடிச்ச உங்க கையை நம்பித்தானே அண்ணாச்சி கொடுத்துட்டுப் போனேன்."