சாரலைத் திட்டிய ஃப்ரிட்ஜ் அண்ணாச்சி

சாரல் விழுந்தால் ஊரே துண்டை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு ஓடும். தென்காசியில் வானத்தைப் பார்த்துத் திட்டிய ஒரே ஆத்மா எங்கள் ஃப்ரிட்ஜ் அண்ணாச்சிதான்.

நான் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரரான அண்ணாச்சி. ரிட்டயரான பிறகு அவருக்கு உலகமே வெள்ளைக் கத்தரிதான். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அந்த விதை இல்லை. அவர் ஃப்ரிட்ஜ் முழுக்க விதைப் புட்டிகள். அவர் வீட்டுப் பாலும் மாவும் எங்கள் ஃப்ரிட்ஜில் அகதிகளாக இருந்தன. காபி போட வேண்டுமென்றால் அவர் மனைவி மாடி ஏறி வருவார்.

"ஈரமும் சூடும் பட்ட விதை மொத்தமா செத்துட்டா தப்பிச்சோம் தம்பி" என்பார் அண்ணாச்சி. "பாதி பொழச்சு முளைக்கும் பாருங்க, அதான் வில்லங்கம். உள்ள மரபணுவே சிதைஞ்சிருக்கும். செடி வெளிறிப்போயி கோணிக்கிட்டு வருது. அதுல விதை எடுத்தா அடுத்த தலைமுறைக்கும் அந்தக் கோளாறு போவுது."

அதனால் சீசனுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஈரத்துண்டோடு அவர் வாசலைத் தாண்டக் கூடாது. சொந்த மச்சானையே தெருவில் நிறுத்தித் தலைதுவட்ட வைத்தவர்.

மகள் செல்விக்குச் சுரண்டையில் வரன் வந்தபோது பையனின் சம்பளத்தைக்கூட அவர் விசாரிக்கவில்லை. "வீட்டுச் சுவருல ஈரம் ஏறி ஓதம் அடிக்குமா?" என்றுதான் தரகரிடம் கேட்டார். அடிக்காது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் வந்தார்கள். சீசனில் யார்தான் குளிக்காமல் வருவார்கள்? செல்விக்குப் போட்டோவிலேயே பையனைப் பிடித்துப்போயிருந்தது. இது எப்படியாவது அமையவேண்டுமே என்று வீடே பயந்து பயந்து நடந்தது. ஒத்தாசைக்கு நானும் கீழே இருந்தேன்.

பையனின் அம்மா, கொண்டுவந்த மல்லிகைப்பூ வாடக்கூடாதே என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். இடமில்லை. ஒரு புட்டியை வெளியே எடுத்தார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று மூடியைத் திருகினார்.

"மூடுங்க மதினீ!"

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பையனின் அப்பா கேசரித் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். செல்வியின் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி புட்டியை வாங்கி இறுக மூடினார்.

"குளுந்த புட்டிய ஒடனே தொறந்தா, சாரக் காத்து உள்ள போயி விதையெல்லாம் வேத்துரும் மதினி. வெளிய வச்சு, குளிரு விட்டப்பொறவுதான் தொறக்கணும். அந்தப் பதட்டத்துல கத்திட்டேன். மன்னிச்சிருங்க."

அந்த அம்மாள் புட்டியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"ஏங்க, உக்காருங்க. கத்திரி விதைக்கே இந்தப் பாடு படுதாரே, பெத்த பிள்ளைய எப்படிப் பாத்து வளத்திருப்பாரு? எனக்குப் பொண்ணு பிடிச்சிருக்கு."

கல்யாணம் முடிந்து செல்வி சுரண்டைக்குப் போனபோது பாதிப் புட்டிகளும் கூடவே போயின. "ரெண்டு எடத்துல இருந்தா ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தப்பிக்கும்லா" என்றார் அண்ணாச்சி. அவர் ஃப்ரிட்ஜில் காலியான தட்டில் பால் வந்து உட்கார்ந்தது. அவர் மனைவி மாடி ஏறுவதும் நின்றது.

அடுத்த ஆனியில் ஒரு காலை, அண்ணாச்சி தெருவில் நின்று மேற்கு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்:

"என்ன தம்பி, சாரல இன்னும் காணலியே? சீசன் தொடங்கினதும் வாரேன்னு செல்வி சொல்லியிருக்கா."

அந்த வருடம் சாரல் சீக்கிரம் வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.