என் மனைவியின் குக்கர் பயத்தைப் போக்கினேன்

உலகத்தில் எந்தக் கணவனும் செய்யாத காரியத்தைச் செய்வது என்று முடிவெடுத்தேன். மனைவியின் பயத்தைப் போக்குவது!

திரௌபதிக்குப் பிரஷர் குக்கர் என்றால் நடுக்கம். அடுப்பில் ஏற்றிவிட்டுத் தெருவுக்குப் போய் நிற்பாள். விசில் வந்தால் நான்தான் ஓடிப்போய் அணைக்க வேண்டும். ரமணாசிரமத்துக்கு வந்து எங்கள் மாடியில் குடியிருந்த வெள்ளைக்கார மனநல டாக்டர் வழி சொன்னார். மருந்து, மாத்திரை கிடையாது. மனசில் வரும் நினைப்பைக் கேள்வி கேட்க வேண்டும். பயப்படும் இடத்தை விட்டு ஓடாமல், பயம் அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு காபியில் நானும் பாதி டாக்டர் ஆகிவிட்டேன்.

"குக்கர் வெடிக்கும்னு நினைக்கிறியே, என்ன ஆதாரம்?"

"அடி அண்ணாமலையில சரசு வீட்டுல வெடிச்சுதே!"

"வெடிக்கல. மூடியைச் சரியா போடல, பருப்பு மேல அடிச்சுது."

"கூரை பூரா சாம்பாருங்க!"

"ஆளுக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்ல."

"நம்ம குக்கர் ஒரு நாளாவது வெடிச்சிருக்கா?"

"இல்லீங்க."

முதலில் சமையலறை வாசலில் நிற்கவைத்தேன். அப்புறம் மேடைக்குப் பக்கத்தில். ஐப்பசி முடிவதற்குள் விசில் கத்தக் கத்த, அசையாமல் வெங்காயம் நறுக்கினாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

கார்த்திகை தீபம் நெருங்கியது.

"ஏங்க, தீபத்துக்கு எங்க வீட்டு ஜனங்களை வரச் சொல்லியிருக்கேன்."

தீபத்தின்போது திருவண்ணாமலையில் சொந்த வீடு வைத்திருப்பவன் பாடு உங்களுக்குத் தெரியாததா? வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தவன் நான்.

"ஐயோ, வேணாம்மா. வீடு தாங்காது!"

"தாங்காதுன்னு என்ன ஆதாரம்?"

தூக்கிவாரிப் போட்டது.

"பாத்ரூம் ஒண்ணுதானே இருக்கு!"

"ஒரு தடவையாவது அவங்க வந்து தங்கியிருக்காங்களா?"

"இல்ல..."

"அப்ப இது வெறும் நினைப்பு. உங்களுக்கு மாமியார் வீட்டு பயம் ஜாஸ்திங்க. ஓடக்கூடாது. அடங்கற வரைக்கும் எதிர்லயே இருக்கணும்."

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன். மாமியார், மச்சான்கள், அவர்கள் பிள்ளைகள், ஒரு மூட்டை வேர்க்கடலை.

"எத்தினி நாளைக்கு?" என்றேன் ஈனக்குரலில்.

"உங்க பயம் போற வரைக்கும்."

வைத்தியனையே மடக்கப் பார்க்கிறாளா? விடுவேனா! மறுநாள் காலை, பாத்ரூம் வரிசையில் துண்டோடு நின்றபடியே கம்பீரமாக அறிவித்தேன்.

"திரௌபதி! எனக்கு பயம் சுத்தமா போயிடுச்சு!"

"நெஜமாவா? அப்ப பொங்கல் வரைக்கும் இருக்கச் சொல்லிடறேங்க!"