மனைவியின் பென்சனும் என் இரண்டு கேள்விகளும்

அடுத்த வீட்டுக்காரன் காரைப் பார்த்துப் பொறாமைப்படலாம். கூடப் படித்தவன் பங்களாவைப் பார்த்தும் படலாம். அதையெல்லாம் ஊர் புரிந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்து தோசை தின்னும் சொந்த மனைவியைப் பார்த்து வயிறு எரிகிறவனுக்கு மட்டும் எங்கேயும் ஆறுதல் கிடையாது. நான் எரிந்தேன். காரணம், அவளுக்கு வரப்போகும் பென்சன்.

தவமணி கிள்ளானில் அரசாங்க மருத்துவமனைத் தலைமைத் தாதி. பள்ளி முடித்த கையோடு வெள்ளை உடுப்பை மாட்டியவள், கழற்றவே இல்லை. நான் அப்படியா? அச்சகம், விளம்பரக் கம்பெனி, பத்திரிகை, மேருவில் கையுறைத் தொழிற்சாலை ஸ்டோர் (மழை பெய்த ஒரு மதியம், ஜன்னலைப் பார்த்தபடியே ராஜினாமா எழுதினேன், மழை அழகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்). காற்று எந்தப் பக்கமோ நான் அந்தப் பக்கம். சேமநிதியில் மிஞ்சிய கொஞ்சத்தையும் ஐம்பது வயதில் எடுத்து வசனகவிதைப் புத்தகமாக அச்சடித்தேன். அது இன்றும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கரையான் மட்டும் முழுதாக வாசித்திருக்கிறது.

அவள் ஓய்வு பெறும் வருஷம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டலில் பயிற்சி என்று அழைப்பு வந்தது. பென்சன், சலுகைகள் எல்லாவற்றையும் விளக்குவார்களாம். துணையையும் கூட்டி வரலாம்.

"வாங்களேன். எல்லாரும் ஜோடியாத்தான் வருவாங்க" என்றாள்.

"சாப்பாடு?"

"பஃபே."

கிளம்பிவிட்டேன்.

வாசலில் கழுத்தில் மாட்ட ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அவள் அட்டையில் பெயர், பதவி, மருத்துவமனை. என் அட்டையில் ஒரே ஒரு மலாய்ச் சொல்: பாசங்கான். துணை. அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. (புத்தகம் போட்டவன்யா நான்!)

மேடையில் ஓர் அதிகாரி, இனிமையான குரல். மாதாமாதம் பென்சன் என்றார். எனக்குள் எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மொத்தமாகப் பணிக்கொடை என்றார். இன்னொரு கதவு. எடுக்காத லீவுக்கும் காசு என்றார். லீவு எடுக்காததற்குக் காசா! நான் வேலைக்கே போகாமல் எத்தனை வருஷம் இருந்தேன், ஒருவனும் ஒரு வெள்ளி தரவில்லையே!

பக்கத்தில் தவமணி குறிப்பெடுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு தாண்டி, கண் தாண்டி, நெற்றி வரைக்கும் போன சிரிப்பு. என் கவிதை எதற்கும் அந்தச் சிரிப்பு நெற்றி வரை போனதில்லை. இவ்வளவு பெரிய பந்தியில் பாசங்கானுக்கு ஓர் அப்பளத் துண்டாவது விழாதா என்று காத்திருந்தேன்.

விழுந்தது. பென்சன் வாங்குபவர் இறந்தால் அது துணைக்குப் போகும் என்றார் அதிகாரி.

துணை! என் கை தானாக மேலே போயிற்று. மைக் வந்தது. நல்ல மலாயில், கவியரங்கக் குரலில் கேட்டேன்: "என் மனைவி இறந்துவிட்டால் எனக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும்?"

அதிகாரி ஒரு கணம் தவமணியைப் பார்த்தார். பிறகு, "கிடைக்கும் என்சிக். உங்கள் பெயருக்கே வரும்" என்றார். என்சிக் என்றால் ஐயா.

என் பெயருக்கு! காலையிலிருந்து எனக்கும் ஒரு பெயர் உண்டு என்று சொன்ன முதல் மனிதர். அந்த மயக்கத்தில் அடுத்ததையும் கேட்டேன்: "நான் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடுமா?"

"நிற்காது என்சிக். தொடரும்."

"பாகுஸ்!" என்றேன். ரொம்ப நல்லது என்று அர்த்தம். மைக் இன்னும் என் வாயருகில்தான் இருந்தது.

மண்டபம் வெடித்தது. முன்வரிசை மலாய் அம்மாள் ஒருவர் திரும்பி, தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார், துக்க வீட்டில் பிடிப்பதுபோல. பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல்: "அக்கா, இன்னிக்கு அண்ணே தே தண்ணி கலக்கிக் கொடுத்தா குடிச்சிறாதீங்க லா!"

பஃபேயில் நான் தட்டை எடுத்த இடமெல்லாம் சிரிப்பு வந்து நின்றது. தவமணி சாப்பிடவே இல்லை.

திரும்பும் ரயில். பந்தாய் டாலாம் ஸ்டேஷன் போனது, பெட்டாலிங் போனது. சுபாங் ஜெயாவில் நானே ஆரம்பித்தேன்.

"பொதுவாத்தான் கேட்டேன் தவம். எல்லாருக்கும் உபயோகமா இருக்கட்டுமேன்னு..."

"போன வருஷம் கிட்னி கல்லுக்கு முதல் வகுப்பு வார்டுல ஏர்கோன் போட்டுப் படுத்திருந்தீங்களே, அது யாரால வந்துச்சு? உங்க புத்தகத்தப் படிச்சிட்டா கட்டில் கொடுத்தாங்க?"

ரயிலில் நின்றிருந்த ஒருவர் சிரிப்பை அடக்கத் தன் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டார்.

"எனக்கு வர்றது நம்ம வீட்டுக்குத்தானே வருதுன்னு நினைச்சேன்" என்றாள், இப்போது மெதுவாக. "நீங்களும் சந்தோஷப்படுவீங்கன்னுதான் கூட்டிட்டுப் போனேன். நீங்க என்னடான்னா, நான் போனதுக்கப்புறம் எவ்வளவுன்னு கேக்குறீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்கால வெயில் அவள் நரையில் ஏறி இறங்கியது. கழற்ற மறந்த அந்த அட்டை என் நெஞ்சில், ரயிலோடு ரயிலாக ஆடிக்கொண்டே வந்தது.

கிள்ளானில் இறங்கியதும் அவள் நேராக ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். நடைப்பயிற்சிச் சப்பாத்து கேட்டாள். நல்லதாக, ரொம்ப நாள் உழைக்கிற மாதிரி.

"இப்ப எதுக்கு இது?"

"நீங்க அந்த பென்சன்ல ஒரு காசு பார்க்கக்கூடாது. அதுக்கு."

சொன்னதைச் செய்கிறவள். பென்சன் மாதாமாதம் வருகிறது. அவளும் தினமும் விடியலில் திடலைச் சுற்றி வருகிறாள். சர்க்கரை இறங்கிவிட்டது, முழங்கால் வலி போய்விட்டது. பின்னால் மூச்சு வாங்க ஓடுகிற எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு. பென்சன் மேல் இருந்த பொறாமை இப்போது அவள் கால்கள் மேல். என் பாசங்கான் அட்டையை அவள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என்னை நானே சந்திக்கிறேன்.

செராஸிலிருந்து மகள் வாரம் தவறாமல் கூப்பிடுவாள். மண்டபத்துக் கதை முழுவதும் அன்றைக்கே அவளுக்குப் போய்விட்டது.

"அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"ரொம்ப நல்லா இருக்காம்மா."

"அச்சச்சோ!" என்பாள், குரல் தழுதழுக்க. "மனச தளர விட்றாதீங்கப்பா."