தூக்கக் கலக்க ஒழிப்பு

"அண்ணே, வலது பக்கம் திரும்பணும்..."

"வழி எனக்குத் தெரியும், நீ சும்மா வா."

"தெரிஞ்சா எதுக்கு இடது பக்கம்..."

"சும்மா வான்னு சொன்னேன்ல."

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் நர்ஸுக்கும் நடந்த இந்தச் சண்டையில்தான், மனித குலத்தின் தூக்கக் கலக்கத்தை அடியோடு ஒழித்த மாபெரும் சீர்திருத்தம் பிறந்தது.

மாற்று ஆள் வராததால் முதல் நாள் காலையிலிருந்தே டியூட்டியில் இருந்த ஓட்டுநர், மத்தியானம்தான் நிலையத்துக் கட்டிலில் கண்ணயர்ந்தார். உடனே மணி அடித்தது. கை எழுந்தது, கால் எழுந்தது, வண்டியும் கிளம்பிவிட்டது. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. சைரன் அலற வண்டி போய் நின்றது அவருடைய சொந்த வீட்டு வாசலில்.

நெஞ்சுவலியில் கிடக்கும் பெரியவரைத்தான் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். கூடத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்தபடி கிடந்தார். அண்ணனுக்குக் குறுக்கு வழி தெரிந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு நர்ஸும் ஒரு கை கொடுத்தாள். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துப் பெல்ட் மாட்டும்போது, அடுக்களையிலிருந்து ஓட்டுநரின் மனைவி வந்தாள்.

"எங்கப்பா தூங்கிட்டுல்ல இருக்காரு, எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

அப்போதுதான் ஓட்டுநர் விழித்தார்.

நிஜமான நோயாளி, பக்கத்து வீட்டுக்காரரின் காய்கறி வேனில் ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்துக்கொண்டார். சேவையைக் குறை சொல்ல முடியாது. ஆள் பிழைத்தாரா இல்லையா?

ஆனாலும் விசாரணை வந்தது. வேலை போனால் குடும்பம் தெருவில் நிற்குமே என்று ஓட்டுநருக்கு உதறல். இன்னொரு ஆளைப் போட்டால் முறை வைத்துத் தூங்கலாம், தூங்கி எழுந்தவன் தெளியும்வரை மற்றவன் ஓட்டலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மேலதிகாரி கருணையே வடிவாகக் கேட்டுக்கொண்டார்.

"கலக்கம் எப்ப வருது?"

"தூங்கி எழுந்ததும்ங்க ஐயா."

"தூங்கவே இல்லைன்னா?"

ஓட்டுநர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "வராதுங்க."

"பாத்தியா, உங்கிட்டயே மருந்து இருக்கு."

அன்று சாயங்காலமே கட்டில்கள் அகற்றப்பட்டன. நல்ல பொருளை வீணாக்கலாகாது என்பதால், அவை தலைமை அலுவலகத்தின் 'சிந்தனை அறை'யில் போடப்பட்டன. சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே ஆழ்ந்த சிந்தனை நடந்தது. சிந்தனைச் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. எழுந்ததும் வரும் கலக்கம் பற்றிய புகார் அறவே நின்றுபோனது. எழுவதற்கு யாராவது படுத்தால்தானே.

மேலதிகாரிக்கு 'விழிப்பின் சிற்பி' என்ற விருது கிடைத்தது. விழா, நிலையத்திலேயே நடந்தது. கைதட்டச் சொன்ன இடத்திலெல்லாம் ஓட்டுநர் கைதட்டினார். சொல்லாத இடத்தில் இரண்டு முறை தலை தொங்கியது. அதை எல்லோரும் பணிவென்றே எடுத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்து பார்த்தால், மேலதிகாரியின் கார் கிளம்ப மறுத்தது. மக்களோடு மக்களாக ஆம்புலன்ஸிலேயே வீட்டுக்குப் போவதாக அறிவித்து, முன் சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். வண்டி தெருவுக்கு வந்து வேகம் எடுத்ததும் வாஞ்சையோடு கேட்டார், இப்போதெல்லாம் எழுந்ததும் கலக்கம் இருக்கிறதா என்று.

"சுத்தமா இல்லீங்க ஐயா. இப்பல்லாம் வண்டி கிளம்பின பிறகுதானே தூங்கறேன்."