கீச்சிடும் பிரேக்கும் கிரீம் பன்னும்

ஊரார் எழுதும் பிழைகளெல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தம்முடைய கார், பிரேக்கில் கால் வைத்தபோதெல்லாம் கீச்சென்று கத்தியதை மட்டும் அவர் ஒரு பிழையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதமாக மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"கார்னா சத்தம் வரத்தான் செய்யும். வாயே திறக்காம இருக்கறதுக்கு அது என்ன நானா?"

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம், "இது தெளிவா தெரியுதா, இல்ல, இதுவா?" என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டுக் குரலை உயர்த்துவதே மறந்துபோயிருந்தது. கணவருக்கு அதுதான் பயம். கத்துகிற மனைவியிடம் திருப்பிக் கத்தலாம். மெதுவாகப் பேசுகிறவளிடம் என்ன செய்வது? காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சர்க்கரை போடாத காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் பேக்கரியில நின்னீங்களா?"

"எந்த பேக்கரி?"

"சிக்னல் தாண்டி இருக்கே, அதுதான். ஒரு கிரீம் பன்தானே?"

அவர் காபியைப் பார்த்தார். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது, இனிப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவரும் தலைவைத்துப் படுக்கவில்லை. நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்ல வேண்டாம். உங்க பிரேக்கே சொல்லுது. அஞ்சே முக்காலுக்கு அங்க ஒரு கீச்சு. ஆறு மணிக்கு நம்ம வாசல்ல ஒரு கீச்சு. நடுவுல கால் மணி நேரம் என்ன பண்ணுவீங்க, சாமி கும்பிடுவீங்களா?"

"சிக்னல்ல நின்னிருப்பேன்."

"சிக்னல்ல நின்னா ஒரு நிமிஷம். கால் மணி நேரம்னா அது பன்னு."

அன்று மாலை முழுவதும் யோசித்தபடி இருந்தார். ஆபீஸில் முதலாளி காட்டிக்கொடுத்திருந்தால் பொறுத்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்திருந்தால் எதிர்பார்த்ததுதான் என்று விட்டிருப்பார். சொந்தக் கார், மாதாமாதம் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்த கார், எட்டப்பன் வேலை பார்த்திருக்கிறது. காலையில் எழுந்தபோது ஒரு முடிவோடு எழுந்தார்.

"உயிரோட விளையாடக் கூடாது" என்றார், பல் தேய்த்து முடித்த கையோடு. "பிரேக்கை மாத்தப்போறேன்."

அவள் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். திரும்பவில்லை.

"அப்படியா. திடீர்னு என்ன?"

"சாலைப் பாதுகாப்பு."

"நல்லதுதான். சனிக்கிழமை எனக்கும் லீவு. நானும் வரேன்."

சனிக்கிழமை இருவரும் பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் குள்ளமானவர், வாய் ஓயாதவர். காரைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே கைவிட்டு பிரேக் பேட் என்ற கறுப்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"சார், உங்க பேட் ரொம்ப பேட்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பல வருஷமாக ஒவ்வொரு வண்டிக்கும் சொல்லி, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இங்க பாருங்க, ஓரத்துல நாக்கு மாதிரி ஒரு தகடு. பேட் தேஞ்சு தேஞ்சு மெலிசாயிட்டா இது போய், சக்கரத்தோட சுத்தற டிஸ்க்கை உரசிக் கத்தும். கத்தணும்னே வெச்சிருக்காங்க. கெட்டுப்போய் கத்தலை சார். எச்சரிக்கை பண்ணிக் கத்தியிருக்கு. யாரும் கண்டுக்கலை."

"சில வீட்டுல அப்படித்தான்" என்றாள் மனைவி.

"இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தீங்கன்னா இரும்போட இரும்பு உரசும். டிஸ்க்கும் போயிருக்கும். மிதிச்சா நிக்குமான்னு எனக்குத் தெரியாது."

கணவர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். பிஸ்கட் அளவுக்கு இருக்க வேண்டியது, அப்பளம் மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் வந்த காரியம் வேறு.

"சத்தமே வராத ரகமா குடுங்க."

மெக்கானிக் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து பானெட்டின் மேல் வரிசையாக வைத்தார்.

"இது சாது. மெத்துன்னு பிடிக்கும், சத்தம் கம்மி. ஆனா சீக்கிரம் தேஞ்சுடும். இது இரும்புத்தூள் கலந்தது. பிடின்னா பிடி, உடும்புப் பிடி. ரொம்ப நாள் உழைக்கும். காலங்காத்தால கொஞ்சம் முனகும்."

"முனகுமா? எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"தூரத்துக்கா? வண்டியில இருக்கறவங்களுக்குக் கேக்கும்."

"தெருக்கோடி வரைக்கும் போகுமா?"

"சார், வண்டியை நிறுத்தத்தான் பேட். சேதி சொல்லி அனுப்பறதுக்கு இல்ல."

மனைவி இரண்டாவது பெட்டியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இதே போதுமேங்க. பிடி நல்லாயிருக்குங்கறாரு. கொஞ்சம் முனகினா முனகிட்டுப் போகுது."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தம் வேண்டும் அவளுக்கு. ஒற்றனை வேலையிலிருந்து எடுக்க மனமில்லை. மனதுக்குள் சிரித்துக்கொண்டு மூன்றாவது பெட்டியில் விரலை வைத்தார்.

"இது?"

"செராமிக். சத்தம் வராது, சக்கரத்துல கறுப்புத் தூள் படியாது, நாளும் உழைக்கும். விலைதான் கொஞ்சம் கூட."

"இதையே போடுங்க. பேட் தேஞ்சா வெறும் தேய்மானம். கத்தினா அவமானம்."

மெக்கானிக் ஒரு நிமிடம் அசந்து நின்றார். பிறகு உதடுகள் அசைய அதைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இனிமேல் அந்தப் பட்டறைக்கு வருகிறவர்களின் பாடு திண்டாட்டம்தான்.

டிஸ்க்கைத் துடைத்து, இரண்டு பக்கமும் புது பேடுகளைப் பொருத்திச் சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் சொன்னார்:

"உடனே அடிச்சுப் பிடிக்காதீங்க. ஒரு முப்பது தடவை, மிதமான வேகத்துல போய் மெதுவா மெதுவா பிடிங்க. புது பேடும் பழைய டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். எடுத்த எடுப்புல முரட்டுத்தனம் காட்டினா பேடோட முகம் கருகிடும். அப்புறம் அதுவும் கத்த ஆரம்பிச்சுடும்."

"கல்யாணத்துக்கு முன்னால இவரை எங்க அப்பா உங்ககிட்ட அனுப்பியிருக்கணும்" என்றாள் மனைவி.

ஆள் நடமாட்டம் இல்லாத சாலையாகப் பார்த்து ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வந்தாள். பதினெட்டு. பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் கார் பூனை மாதிரி நின்றது. இருபத்திரண்டு என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு வீட்டு கேட்டிலிருந்து தண்ணீர் கேன் வண்டி ஒன்று பின்பக்கமாகவே சாலைக்கு வந்துவிட்டது. மெக்கானிக் சொன்ன மெதுவெல்லாம் மறந்து அவர் ஓங்கி மிதித்தார். கார் நின்றது. வண்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

வண்டிக்காரர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"போன வாரமா இருந்தா?" என்றாள் அவள்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். அந்த ஒரு நிமிடம் அவர் கிரீம் பன்னை நினைக்கவில்லை. அது உண்மை.

ஆனால் திங்கட்கிழமை வந்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்குப் பேக்கரி வாசலில் கார் நின்றது. கீச்சும் இல்லை, மூச்சும் இல்லை. இரண்டு மாதமாகச் சத்தம் கேட்டதும் வெடுக்கென்று தலையைத் தூக்கும் வாசல் நாய்கூட கண்ணைத் திறக்கவில்லை. வெற்றியைக் கொண்டாடும் விதமாக ஒன்றுக்கு இரண்டு பன்னாகச் சாப்பிட்டார். வீட்டு வாசலிலும் அதே அமைதி. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"வந்துட்டீங்களா? சத்தமே கேக்கலையே" என்றாள் மனைவி.

அவருக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காபி வந்தது.

"இன்னைக்கு ரெண்டு பன்னா?"

காபி புரையேறியது. அவளே தலையில் தட்டிக்கொடுத்தாள்.

"எப்படி... பிரேக்தான் சத்தம் போடலையே."

"பேக்கரியில பிரேக் பிடிச்சா இங்க எப்படிங்க கேக்கும்? நடுவுல ரயில்வே கேட் இருக்கு. மரம் அறுக்கற மில் இருக்கு. பக்கத்து வீட்டு டிவியே நமக்குச் சரியா கேக்கறதில்ல."

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

"பிரேக்கைப் பாருங்கன்னு ரெண்டு மாசம் நேர் வழியில சொன்னேன். நீங்க வரலை. அதான் பேக்கரி வழியா சுத்திக் கூட்டிட்டு வந்தேன்."

கோபப்படலாமா என்று பார்த்தார். தண்ணீர் கேன் வண்டி நினைவுக்கு வந்தது. கோபம் வரவில்லை.

"சரி, அது போகட்டும். ரெண்டு பன்னுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் முன்னால் குனிந்து, கடைக்கு வருகிறவர்களைப் பார்ப்பதுபோல அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க மீசைதான். ஒரு பன்னுன்னா ஒரு பக்கம் சர்க்கரைத்தூள் ஒட்டியிருக்கும். இன்னைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு."

எழுந்து கண்ணாடியிடம் ஓடினார். மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போடலாம், அவ்வளவு அடர்த்தி. மீசைக்காரர் என்று சொன்னால்தான் அச்சகத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். கல்லூரியில் முளைத்த நாளிலிருந்து அதில் கத்தி பட்டதில்லை, ஓரம் வெட்டக் கத்தரி மட்டும்தான். உற்றுப் பார்த்தார். அங்கங்கே வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதில் எது நரை, எது சர்க்கரை என்று பிழைதிருத்தும் கண்ணுக்கும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் குளியலறைக்குள் போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். மேலுதடு, கூரை பிரித்த வீடு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

மனைவி டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மூடி கையிலேயே நின்றது.

"எடுத்துட்டீங்களா?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. புழுங்குது."

அவள் கிட்டே வந்து, ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க ஒரு சின்ன மச்சம் இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே" என்றாள். "நல்லாயிருக்கு. பத்து வயசு குறைஞ்ச மாதிரி."

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அச்சகத்தில் வாயிற்காவலர் யார் வேண்டும் என்று கேட்டார். அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேக்கில் சத்தம் இல்லை. உதட்டில் சாட்சி இல்லை. இனி எமனே வந்து கணக்குக் கேட்டாலும் ஒரு பன்னைக்கூட நிரூபிக்க முடியாது.

ஐந்தே முக்காலுக்குக் கார் சத்தமில்லாமல் நின்றது. பேக்கரிக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"அட, மீசையை எடுத்தாச்சா சார்? நேத்து உங்க வீட்டு அக்கா எத்தனை பன்னுன்னு கேட்டு போன் பண்ணும்போதே சொன்னாங்க, ரெண்டு நாள்ல எடுத்துடுவீங்கன்னு."