பதவிக்கேற்ற ஃபியூஸ்

அளவைகள் ஒருங்கிணைப்புத் துறையில் துணை இயக்குநராக உயர்ந்தவருக்கு அலுவலகக் கார் கிடைத்தது. மறுநாளே ஹாரன் ஊமையாகிவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, நகத்தளவில் இரண்டு கால் முளைத்த சிவப்பு வில்லை ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். பத்து ஆம்பியர் ஃபியூஸாம். கரண்டு அளவுக்கு மீறினால் தான் எரிந்து ஒயரைக் காப்பாற்றுமாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டிரைவருக்கு வாய் சும்மா இருக்காது. நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது என்று அடுக்கிவிட்டு, "நேத்துகூட உங்க மச்சினர் வண்டிக்குப் பச்சை போட்டேன் சார்" என்றார்.

மச்சினன் அதே துறையில் உதவி இயக்குநர். ஒரு படி கீழே. துணை இயக்குநருக்கு வயிறு எரிந்தது.

"அவனுக்கு முப்பது, எனக்குப் பத்தா?"

"அது ஏசி ஃபேனுக்கு சார். இது ஹாரனுக்கு."

"ஹாரன் யாரோடது?"

"உங்களோடது."

"அப்புறம் என்ன?"

கோப்பு மேலே போனது. இயக்குநர் தன் வண்டியைத் திறந்து பார்த்து, அதில் ஐந்தும் ஏழரையும் குடியிருப்பதைக் கண்டு ஆடிப்போனார். அன்றே சுற்றறிக்கை வந்தது: 'ஃபியூஸின் ஆம்பியர், அலுவலரின் பதவிக்கு ஏற்ப அமைதல் வேண்டும். ஒயர்கள் உரிய ஒத்துழைப்பை நல்கக் கடமைப்பட்டவை.' உதவிக்கு இருபது, துணைக்கு முப்பது. இயக்குநருக்கு வரம்பே கிடையாது என்பதால் ஒரு இரும்பு போல்ட்டைச் செருகினார்கள். டிரைவர் மட்டும் என்ன இளைத்தவரா, தன் ஸ்கூட்டருக்கும் ஒரு போல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இயக்குநர் கூட்டத்தில் இருந்தபோது வாசலில் அவர் கார் கொழுந்துவிட்டு எரிந்தது. விசாரணைக் குழு சாம்பலைக் கிளறிப் பார்த்ததில் போல்ட் முழுசாகக் கிடைத்தது. கடைசிவரை கடமையில் நின்றதற்காக அதற்குப் பாராட்டுப் பத்திரம். குற்றம் ஒயர்மேல் விழுந்தது. விளக்கம் கேட்கலாமென்றால் ஒயர் மிச்சமில்லை.

ஊரே திரண்டு வந்து பார்த்தது. பத்திரிகையில் படம் வந்தது. இயக்குநரின் நடையே மாறிவிட்டது. பெரிய மனிதர்களின் வண்டிதான் எரியும் என்று பேச்சுக் கிளம்பியது. அன்றிலிருந்து துணை இயக்குநருக்குத் தூக்கம் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டே மனைவி ஆரம்பித்தாள்.

"தம்பி வண்டி நேத்தே எரிஞ்சிடுச்சாம். வெறும் இருபதை வச்சிக்கிட்டே. நீங்க முப்பது வாங்கி என்னத்தைக் கிழிச்சீங்க?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. படி இறங்கிப் போய் விளக்கு, வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, ஹாரன் அழுந்தியே இருக்க ஒரு குச்சியையும் முட்டுக்கொடுத்துவிட்டுத் தெருவில் நின்றார். வெகுநேரம் கழித்து பானெட் இடுக்கில் மெல்லிசாகப் புகை வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்திடாதீங்க. இப்பதான் பிடிக்குது."

வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் புகையையே ஏக்கமாகப் பார்த்தார்.

"எந்தக் கடையில சார் ஃபியூஸ் வாங்கினீங்க? எங்க வண்டியில மாத்தி ஒரு மாசமாச்சு, ஒரு பொறிகூட வரல. வீட்ல மதிக்கவே மாட்டேங்கறாங்க."